ஆனையடிக் குளத்துத் தவளைகள்

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஏட்டு சங்கிலிப்பாண்டி சைக்கிளைச் சாய்த்து நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல் வாசலில் போட்டுவிட்டு, குற்றாலத்தில் ஞானபாக்கியம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குள் ஓடினார். பின்னாலேயே மூச்சிரைக்க வந்தவள் தங்கத்தாய்.

ஞானபாக்கியம் பாளையங்கோட்டையில் கல்லூரிப் பெண்களுக்கு விலங்கியல் நடத்துபவர். சீசனுக்கு ஊரெல்லாம் அருவியில் குளிக்க வரும். அவர் தவளை எண்ண வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1961 சீசனில், பாம்புக்கடி என்று எல்லோரும் கைகழுவிய ஒரு சாவைக் கொலை என்று பல்தடத்தை வைத்தே காட்டிக்கொடுத்தவர். அன்றுமுதல் ஏட்டுக்கு அவர்மேல் ஒரு பக்தி.

"டீச்சரம்மா, எங்க அக்கா மாரித்தாய்க்கு நேத்து மத்தியானத்துல இருந்து வலிப்பு விட்டு விட்டு வருது. தென்காசி ஆஸ்பத்திரியில போட்டிருக்கோம். இலஞ்சிக்கு மேற்க ஆனையடிக் குளத்துல மிதந்த மீனை அள்ளிக் குழம்பு வச்சிருக்கா. விஷம்னு டாக்டருக்குத் தெரியுது. என்ன விஷம்னு சொல்லுங்கங்காரு," என்றார் ஏட்டு.

"குளத்துல மீன் மட்டுமா செத்துச்சு?"

"தவளை! கரை பூரா தவளை. கால் வைக்க இடமில்ல."

தங்கத்தாய் அழுதாள். "எங்க வீட்டுக்காரர்தான் விஷத்தைக் கலந்தார்னு சாவடித் தூண்ல கட்டி வச்சிருக்காங்கம்மா."

அவள் புருஷன் மாடன் தவளை பிடிப்பவன். கொச்சிக் கம்பெனிக்குக் கூடை கூடையாக அனுப்புவான். அங்கே தொடையை வெட்டிப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலேற்றுவார்கள் என்று கேள்வி.

ஞானபாக்கியம் குடையை எடுத்தார். "நீங்க மாடனை விசாரிச்சீங்களா, ஏட்டையா?"

சங்கிலிப்பாண்டி தரையைப் பார்த்தார். "ரெண்டு அறை விட்டேன். விஷத்தோட பேரைச் சொல்லுலேன்னு. அழுதானே தவிர ஒண்ணும் சொல்லல." சொல்லும்போதே அவருக்கு உள்ளங்கை கூசியது. மாடன்தான் செய்தான் என்று இருந்துவிட்டால் நல்லது என்றுகூட அவர் மனம் நினைத்திருந்தது. அவன் வாயைத் திறந்தால் அக்கா பிழைப்பாளே.

குளத்தங்கரை நாறியது. வெளுத்த வயிற்றைக் காட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் தவளைகள் கிடந்தன. ஞானபாக்கியம் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பின்னங்கால்கள் கம்பிபோல் நீட்டி விறைத்திருந்தன. கோரைக்குள் ஒரு தண்ணீர்ப்பாம்பு, பாதி விழுங்கிய தவளையோடு செத்துக் கிடந்தது.

"ஏதாவது கொள்ளைநோயா இருக்குமோம்மா?" ஏட்டு பின்னாலேயே நடந்தார்.

"இங்கன வந்து பாருங்க." கரைக்குமேல் மழைநீர் தேங்கிய ஒரு பள்ளம். அதில் தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் இரண்டு தவளைகள் கண்ணை உருட்டின. "குளத்துக்கும் இதுக்கும் பத்தடி தூரம். தவளைக்கு நோய்னா இதையும் விட்டிருக்காது. கேடு குளத்துத் தண்ணியிலதான் இருக்கு."

பிறகு வாய்க்கால் குளத்தில் விழும் இடத்துக்குப் போனார். அங்கேதான் பிணங்கள் அடர்த்தியாகக் கிடந்தன. சேற்றை ஒரு விரலால் வழித்து மோந்து பார்த்தார். ஏட்டிடம் நீட்டினார்.

"மண்ணெண்ணெய் கணக்கா இருக்கு."

"பூச்சிமருந்து. ஆனா அதுல ரெண்டு சாதி உண்டு, ஏட்டையா. ஒண்ணுக்கு முறிவு மருந்து இருக்கு. அதையே இன்னொண்ணுக்குக் குடுத்தா ஆளே போயிரலாம். டாக்டர் பயப்படுதது நியாயம்தான். பேர் தெரிஞ்சாகணும்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

ஞானபாக்கியம் நடையை எட்டிப் போட்டார்.

தங்கத்தாயிடம் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முதல்ல பாத்தது யாரு?"

"நான்தாம்மா. புதன்கிழமை விடியக்காலம் குடத்தோட போனேன். தண்ணி கண்ணாடி கணக்கா தெளிவா இருந்துச்சு. அதுமேல மீனும் தவளையும் மிதக்குது. கூப்பாடு போட்டேன். ஊரே வந்துச்சு."

சாவடியில் நாற்பது பேர் நின்றார்கள். தூணில் மாடன், உதடு வீங்கியிருந்தது. திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் சுந்தரபாண்டியன், வாய்க்கால் பாசன நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரர். ஒரு தூணோரம் மசூது; கொச்சிக் கம்பெனிக்கு மாடனிடம் தவளை வாங்குபவர்.

"கம்பெனி செத்த தவளையை எடுக்குமா?" ஞானபாக்கியம் மசூதைக் கேட்டார்.

"தொடவே தொடாதும்மா. உசுரோட துள்ளணும்."

"அப்போ மாடன் தன் பிழைப்புலயே எதுக்கு விஷத்தை ஊத்தணும்?"

சுந்தரபாண்டியன் எழுந்தார். "சோம்பேறிப் பயலுக்குக் காரணம் வேணுமாக்கும்? அள்ளுததுக்கு லேசா இருக்கும்னு மயக்க மருந்தைக் கொட்டியிருக்கான். அளவு மீறிப் போச்சு. வாய்க்கால் தண்ணி பால் கணக்கா வெளுத்து ஓடியிருக்கு! வேற யாரு செய்வா?"

"நீங்க ஊர்லதான் இருந்தீங்களா, அண்ணாச்சி?"

"திங்கக்கிழமையே மக வீட்டுக்கு வாசுதேவநல்லூர் போயிட்டேன். இன்னைக்கு முத பஸ்ஸுலதான் வாரேன்."

ஞானபாக்கியம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தண்ணி வெளுத்து ஓடினதை யாரெல்லாம் பாத்தீங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தூக்கவில்லை.

"தங்கத்தாய் பாக்கும்போது தெளிவா இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்த நீங்களும் தெளிஞ்ச தண்ணியைத்தான் பாத்திருக்கீங்க. பூச்சிமருந்தைத் தண்ணியில ஊத்தின உடனேதான் அது பாலாகும். கொஞ்ச நேரத்துல ஓடிக் கலைஞ்சிரும். அந்த வெள்ளையைப் பாக்கணும்னா, ஊத்தும்போது பக்கத்துல நின்னிருக்கணும்." அவர் குரல் உயரவே இல்லை. "மூணு நாளா ஊர்லயே இல்லாத உங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சுது, அண்ணாச்சி?"

"யாரோ சொன்னாங்க..."

"யாரு?"

சுந்தரபாண்டியன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சங்கிலிப்பாண்டிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணாச்சி, கேஸு கெடக்கட்டும். எங்க அக்கா அங்கன வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டுக் கெடக்கா. பேரை மட்டும் சொல்லுங்க."

சுந்தரபாண்டியனின் முகம் இடிந்துபோயிற்று. "எண்ட்ரின்," என்றார். "பயிரெல்லாம் தண்டுப்புழு. சொன்ன அளவுக்கு ரெண்டு பங்கு அடிச்சும் அடங்கல. செவ்வாக்கிழமை சாயங்காலம் வந்து நானே அடிச்சேன். மிச்சத்தை வாய்க்கால்ல ஊத்தி டின்னையும் கழுவிட்டு, மறுபடி பஸ் ஏறிட்டேன். மீன் சாவும்னு தெரியாதும்மா. ஒரு பொம்பளை படுத்துட்டான்னு கேட்டதும் பயந்துட்டேன்."

அவர் முடிப்பதற்குள் ஏட்டின் சைக்கிள் தென்காசி ரோட்டில் இருந்தது.

மாடனின் கட்டை ஞானபாக்கியமே அவிழ்த்தார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றவனிடம் மெதுவாகச் சொன்னார்: "விஷம் நீ வைக்கல. ஆனா தண்டுப்புழுவுக்குத் தாய் அந்துப்பூச்சி. அதைத் தின்னுததும் தவளைதான். வயல்ல எத்தனை வருஷமா அள்ளுதே?"

"மூணு வருஷமாம்மா."

"புழு?"

மாடன் யோசித்தான். தலையைக் குனிந்துகொண்டான். "அதுவும் மூணு வருஷமாத்தான்."

குளத்துத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்று தமுக்கடித்தார்கள். சுந்தரபாண்டியனை இன்ஸ்பெக்டர் வந்து அழைத்துப்போனார்.

மாலை நாலு மணிக்கு ஞானபாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஏட்டு வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்ட்ரின் முறிவு மருந்து இல்லாத சாதி; வலிப்பை அடக்கும் மருந்து கொடுத்து மூன்று மணி நேரமாயிற்று, மறுபடி வரவில்லை. மாரித்தாய் கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம். கொடுக்கப் போன நர்ஸிடம், எந்தக் குளத்துத் தண்ணீர் என்று விசாரித்தாளாம். சொல்லிவிட்டு ஏட்டு சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது.

"மாடன் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்மா. அறைஞ்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன். 'சரி ஏட்டையா'ங்கான். மூஞ்சியைப் பாக்கல."

"பாக்க நாளாகும்."

மேற்கே மலை மேகத்துக்குள் போய்விட்டது. இந்த நேரத்துக்குத் தென்காசியைச் சுற்றிய வயலெல்லாம் தவளைச் சத்தம் காதை அடைக்க வேண்டும்.

"டீச்சரம்மா, அந்தக் குளத்துல மறுபடி தவளை வருமா?"

காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த ஞானபாக்கியம், குடையின் நுனியால் தரை ஈரத்தில் ஒரு கோடு இழுத்தார். "தெரியல, ஏட்டையா," என்றார். "எனக்கு நெசமாவே தெரியல."