இன்னும் நடக்காத அதிர்வு

லுவிட்டிகோ மேட்டு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். வழக்கமான வேலைதான். பேட்டரியைச் சரிபார்த்து, சோலார் தகட்டைத் துடைத்துவிட்டு, குழிக்குள் இருக்கும் நிலநடுக்கக் கருவியின் பக்கத்தில் நின்று குதிக்க வேண்டும். கரோங்காவில் என் கம்ப்யூட்டரில் அது கோடாகத் தெரிந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"மச்சான், குதிக்கிறேன். உன் தங்கச்சி கிண்டுன மரவள்ளிக் களி வயித்துல குலுங்குது, பாத்துக்கோ."

"உன் தொப்பைக்கு மலாவியே ஆடும். குதி மாப்ளே."

அந்தப் பதிவுகளைக் கொண்டுவந்து வரைந்து காட்டும் மென்பொருளை எழுதியவனே நான்தான். நிலையத்தின் பெயரும் நேரமும் கொடுத்தால் போதும். சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. அதையே தட்டினேன்.

அவன் குதித்தது அதில் இல்லை.

காலடிகள் இருந்தன. மாடு நடந்ததா, லாரி போனதா என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது மனித நடை. கனமான ஆள். அவசரமில்லாமல் குழியை நோக்கி வந்தான்.

பிறகு ஓர் அடி. ஏதோ பெரிதாக விழுந்தது.

அதன்மேல் மறுபடி அடி. மறுபடியும்.

லுவிட்டிகோவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அந்த நிலையத்தில் காவலுக்கு இருந்த, எந்நேரமும் புகையிலை மெல்லும் அசும்விஸ்யேயைத் திருடர்கள் இரும்புக் குழாயால் அடித்துக் கொன்றது நினைவுக்கு வந்தது. உயிர் போகும்வரை கருவியின் கேபிளை அவர் விடவில்லை என்பார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைச் சாலையில் கண்மண் தெரியாமல் ஓட்டினேன்.

லுவிட்டிகோ நிலைய அறையின் வாசற்படியில் உட்கார்ந்து சுட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன மச்சான், பேயறஞ்ச மாதிரி வர்ற? போன் செத்துப்போச்சு, அதுக்கா இவ்ளோ தூரம்?"

பார்த்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான். திடீரென்று சிரிப்பு நின்றது.

"நேரம் என்னன்னு குடுத்த?"

"மூணேகால்."

"நம்ம நேரமா? கிரீன்விச் நேரமா?"

கருவிகள் எல்லாமே கிரீன்விச் நேரத்தில்தான் பதியும். நம் கடிகாரம் அதைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அப்படியென்றால் நான் பார்த்தது ஐந்தேகால் மணிப் பதிவு.

ஐந்தேகால் இன்னும் ஆகவில்லை.

"ஓடிடலாம் மாப்ளே," என்றேன்.

"இரு. கருவியே இல்லேன்னா எதுல பதியும்? பதியலேன்னா நடக்காதுல்ல? கழட்டி எடுத்துக்கிட்டுக் கெளம்புவோம்."

படித்த முட்டாள்கள் இருவருக்கும் அது பெரிய யோசனையாகப் பட்டது. அவன் அறைக்குள் போய்க் குழிக்குள் இறங்கினான். நான் வெளியே பைக்கைத் திருப்பி நிறுத்தினேன். உள்ளே கேபிள் கழன்ற சத்தம் கேட்டது.

ஈரப் புகையிலை வாடை அடித்தது.

அறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே யாரோ நடந்தார்கள். அவசரமில்லாத நடை.

"மச்சான்... யாரோ நிக்கிறாங்க மச்சான்..."

கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். இரும்புக் குழாய் ஒன்று மேலே எழுந்தது. பிடித்திருந்த கை தெரியவில்லை. அது இறங்கியது. லுவிட்டிகோவின் மண்டை உடைந்த சத்தத்தை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. குழாய் மறுபடி எழுந்தது. சுவரெல்லாம் ரத்தம். என் நெற்றியிலும் சூடாகத் தெறித்தது. கதவை மோதி மோதி என் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கதவு அசையவே இல்லை.

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது.

"திருட்டு நாயே, கேபிளை விடு."

கதவு திறந்தபோது உள்ளே லுவிட்டிகோ மட்டும் கிடந்தான். முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. என் தங்கை துசேகிலே அவனைப் பார்க்க வேண்டும் என்று மண்ணில் புரண்டு அழுதாள். நான் விடவில்லை. என்னோடு அவள் இன்றுவரை பேசவில்லை.

போலீஸ் விசாரணை முடிந்து, அந்தக் கருவியை என் அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கேபிள் இல்லை, பேட்டரி இல்லை. வெறும் இரும்பு உருளை. இன்று மத்தியானம் மனசு கேட்காமல், அந்த நிலையத்தின் பெயரைக் கொடுத்து, நாளைய தேதியைத் தட்டினேன்.

பதிவு வந்தது.

காலடிகள். அவசரமில்லாமல், நேராக என் அறையில் இருக்கும் கருவியை நோக்கி.

இந்த முறை இரண்டு பேர்.