முட்கள் திரும்பிய பக்கம்

காலையில் நாலாபக்கமும் விரிந்திருந்த செடியின் முட்கள், மத்தியானம் எல்லாமே கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வாசலில் நின்ற வரதராஜுலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தொண்டாமுத்தூர் வெயில் படாமல் இருக்க, அந்தச் செடிக்கென்றே அவர் தோட்டத்தில் கட்டிய குளிரறை அது. நியூசிலாந்தின் தெற்குத் தீவு மலைகளில், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே, பாறையிடுக்கில் முளைக்கிற செடி. உள்ளங்கை அகலம்தான், ஆனால் ஒவ்வொரு இலையும் கோணி ஊசி. ஏசியின் சீரான முனகலுக்கு நடுவே, கேரட் தழையைக் கசக்கினாற்போன்ற அதன் வாசனையோடு இன்று நனைந்த கம்பளியின் வீச்சமும் கலந்து வந்தது. அறையில் கம்பளி எதுவும் இல்லை.

"ஏனுங்க, ரம்லா வந்திருக்கறாங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்றாள் வெளியிலிருந்து அவர் மனைவி ரங்கநாயகி.

ரம்லா, நசுருதீனின் மனைவி. போன வருடம் இந்தச் செடியைத் தேடி நண்பர்கள் இருவரும் மலையேறினார்கள். வரதராஜுலு மட்டும் திரும்பினார்.

உள்ளே வந்தவள் செடியையே வெகுநேரம் பார்த்தாள்.

"அவரு எப்படி விழுந்தாருங்ணா?"

"அன்னைக்கே சொன்னேனே, அம்மணி. ஒரே பனிமூட்டம். நான் திரும்பறதுக்குள்ள வழுக்கிப்போட்டாரு."

சரசரவென்றது. முட்கள் கதவை விட்டு அவர் நின்ற மூலைக்குத் திரும்பின. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். அவையும் நகர்ந்தன.

ரம்லாவும் பார்த்தாள். "நெசத்தைச் சொல்லுங்ணா."

கம்பளி வீச்சம் தொண்டைவரை இறங்கியது. சொல்லக்கூடாது என்று அவர் பல்லைக் கடிக்கக் கடிக்க வாய் பேசியது.

"செடியைப் புடுங்கினா ஃபாரஸ்ட் ஆபீசருகிட்டச் சொல்லிப்போடுவேன்னு சண்டை போட்டாரு. அப்பத்தான் சறுக்கினாரு. நனைஞ்ச கம்பளிக் கோட்டோட இந்தச் செடியைப் புடிச்சுத் தொங்கினாரு. நான் கை குடுக்கலை. அவரு தொங்கறப்பவே வேரைச் சுத்தித் தோண்டி எடுத்துப்போட்டேன்."

ரம்லா அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாரேனுங்ணா."

வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினார். கத்தினார். தோட்டத்தில் யாரும் இல்லை. ஏசி நின்றது.

முதுகுக்குப் பின்னால் மண் பிளக்கும் ஓசை.

திரும்பினார். தொட்டி மண் விலகியிருந்தது. வேர் இல்லை. செடியின் அடித்தண்டை, நீலம் பாரித்த ஐந்து விரல்கள் கீழிருந்து இறுகப் பற்றியிருந்தன.

சுண்டுவிரல் பிடியை விட்டது.

அடுத்த விரல்.

அடுத்தது.

பிறகு முழுக் கையும், முழங்கைவரை, அவர் பக்கமாக நீண்டது.