உயிர்விலக்கு அறுபது பணம்

எதிர்வீட்டு ஞானாபரணத்தின் பூனையை நார்வாரி இரண்டாகக் கிழித்து உறையில் போட்டபோது, தெருவே காபி டம்ளரோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. செவ்வாய்க் கிரகத்தின் செம்புழுதிப்பேட்டையில் அது மாதம் ஒருமுறை நடக்கிற சங்கதிதான். ஞானாபரணம் மட்டும் கொஞ்சம் அழுதார். பூனைக்கு உயிர்விலக்கு வாங்காமல் அறுபது பணம் மிச்சம் பிடித்தவரும் அவர்தான்.

முதலில் வந்து குடியேறியவர்கள் குளிருக்குப் பயந்து வீட்டுச் சுவர்களுக்குள் கல்நாரைத் திணித்துக் கட்டிவிட்டார்கள். மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். பூமியில் அதைக் கூரையாகப் போட்டு, தூசியைச் சுவாசித்து, இருமி இருமிச் செத்த கதையெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்தப் புத்திசாலிகள் இங்கே கிளம்பி வந்தார்கள் என்பதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

இப்போது சட்டம் கடுமை. நிலவறைச் சுவரை இடிக்குமுன் சோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் நார் இருக்கிறதென்று வீட்டுக்காரரே எழுதிக் கொடுக்க வேண்டும். நார் இருந்தால் நார்வாரி வரும். ஆளுயர இயந்திரம், ஆறு கைகள், ஒரே கட்டளை: நார் எதில் இருந்தாலும் பிய்த்து எடு. அது சுவரா, சோபாவா, மூச்சில் நார் கலந்த மனிதனின் நெஞ்சா என்றெல்லாம் வித்தியாசம் பார்க்காது. உயிர்விலக்குச் சீட்டு வாங்கியவரை மட்டும் தொடாது. தலைக்கு அறுபது பணம்.

நன்மாறன் வீட்டில் அன்று இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் எழிலரசிக்கும் ஒன்பது வருடம் காத்திருந்து குழந்தை அனுமதி கிடைத்திருந்தது. ஒரு நிபந்தனை, குழந்தைக்குத் தனி அறை காட்ட வேண்டும். நிலவறையின் தடுப்புச் சுவரை எடுத்தால் அறை தயார். கெடு முடியப் பன்னிரண்டு நாள். கையில் இருந்தது தொள்ளாயிரம் பணம்.

"சோதனை நூத்தம்பது, நார் எடுக்க எழுநூறு, ரெண்டு பேருக்கு உயிர்விலக்கு நூத்திருபது, பெயின்ட் நூறு" என்று எழிலரசி வாசித்தாள். "நூத்தி எழுபது இடிக்குது."

"சோதனையை அடிச்சிடு."

"சோதனை இல்லாம எப்படிங்க? குழந்தை படுக்கப்போற இடம்."

நன்மாறன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே போனான். சுவரில் ஒரு மூலையைத் தட்டிப் பெயர்த்து, வெள்ளைப் பஞ்சை விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். "நார்தான். நூத்தம்பது மிச்சம்" என்றான். எழிலரசி மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

இன்னும் இருபது பணம் குறைந்தது. அவன் தன் பெயருக்கான உயிர்விலக்கை அடித்துவிட்டு அவளுடையதை வைத்துக்கொண்டான். அவள் சண்டை போட்டாள். "எனக்கு ஏதுடி நார்? நான் என்ன சுவத்தையா தின்னேன்?" என்று சிரித்தான். அவன்மேல் அவளுக்குக் கோபமும் பிரியமும் ஒன்றாக வந்தன.

இருப்பதிலேயே மலிவான ஒப்பந்ததாரர் அனுப்பிய நார்வாரி மறுநாள் காலை வந்து வணக்கம் சொன்னது. தண்ணீர்க் குழாயை உடைத்துவிடப் போகிறது என்ற கவலையில் நன்மாறன் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றான். அரைமணி நேரத்தில் சுவர் காணாமல் போனது. நாரெல்லாம் உறைக்குள் போய், உறை குழாய் வழியாக நகருக்கு வெளியே போய்விட்டது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

அந்த மூச்சு போதுமானதாக இருந்தது. நார்வாரி திரும்பியது. "நார் கண்டறியப்பட்டது. தயவுசெய்து அசையாதீர்கள்" என்று சொல்லி, இரண்டு கைகளால் அவன் தோள்களைப் பக்கத்துச் சுவரோடு அறைந்தது. மூன்றாவது கை சட்டையைக் கிழித்தது. நான்காவது கை விலாவில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் மாடிவரை கேட்டது.

எழிலரசி கடப்பாரையோடு ஓடிவந்து அதன் முதுகில் ஓங்கி அடித்தாள். "நீங்கள் விலக்கு பெற்றவர்" என்று நார்வாரி அவளை மெதுவாக ஒதுக்கி நிறுத்தியது. மறுபடி அடித்தாள். மறுபடி ஒதுக்கியது. நன்மாறனின் இடுப்புவரை ரத்தம் வழிந்தது.

"அவருக்கும் விலக்கு குடு! பணம் தர்றேன்!"

"அவசர விலக்கு நானூறு பணம்."

"நூத்தம்பதுக்கு வருமான்னு கேளு!" என்று அலறினான் நன்மாறன்.

"பேரம் கிடையாது" என்றது இயந்திரம். ஐந்தாவது கையில் ரம்பம் சுழல ஆரம்பித்தது.

எழிலரசி சுற்றிவந்து, கடப்பாரையின் முனையை நார்வாரியின் மார்புத் தகட்டு இடுக்கில் செருகி, உடம்பு மொத்தத்தையும் கொடுத்து நெம்பினாள். தகடு பிய்ந்து தெறித்தது. உள்ளேயிருந்து வெள்ளைப் பஞ்சு பொலபொலவென்று கொட்டியது.

வெப்பம் தாங்க அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் உள்ளே எதை அடைத்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கும் செலவுக் கணக்கு இருந்திருக்கிறது.

நார்வாரி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. "நார் கண்டறியப்பட்டது" என்றது. நன்மாறனை விட்டுவிட்டு, ஆறு கைகளாலும் தன்னையே பிய்க்கத் தொடங்கியது. கம்பிகள், சக்கரங்கள், பாதித் தலை. ரம்பம் அதன் தோளையே அறுத்தது. கடைசிக் கை கழன்று விழுந்தபோது நிலவறை முழுக்க வெள்ளைத் தூசி பனிபோல இறங்கிக்கொண்டிருந்தது.

சுவரிலிருந்த அரசுத் திரை ஒளிர்ந்தது: 'வேலை முடிந்தது. மறுசோதனை வேண்டுமா? நார் இருந்தால் புதிய நார்வாரி உடனே அனுப்பப்படும்.'

எழிலரசி தரையைப் பார்த்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு முனகுகிற புருஷனைப் பார்த்தாள். இன்னொரு நார்வாரி வந்தால் முதலில் யாரிடம் போகும் என்று அவளுக்குத் தெரியும். சோதனைக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தவள், 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

'வீட்டுக்காரரின் உறுதிமொழியின்படி நிலவறை தூய்மையானது. குழந்தை அறை ஏற்கப்பட்டது. வாழ்த்துகள்.'

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"போனா நெஞ்சைப் படம் எடுப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோயிடும். இறுக்கக் கட்டினா சரியாயிடும், விடு."

அவனுடைய காயத்தைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, அவள் மேலேயிருந்து துடைப்பமும் முறமும் கொண்டுவந்தாள்.

"மூக்குல துணி கட்டிக்கோங்க."

"பத்து நிமிஷ வேலை. அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?"

அவளும் கட்டிக்கொள்ளவில்லை. சுவர் போனதும் அறை நன்றாக விசாலமாகத்தான் இருந்தது. குழந்தைக்கு மஞ்சள் பூசலாமா, இளம்பச்சை பூசலாமா என்று பேசிக்கொண்டே அவள் பெருக்க, அவன் முறத்தைப் பிடித்துக்கொண்டான்.