குளியலறைச் சுவர் கேட்டது

குளியலறைச் சுவரில் விரிசல் விழுந்ததைத் தையல்காரி முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிக்கிற இடத்தில் பெயிண்ட் உரிவது உலக அதிசயமா என்ன? உரிந்த இடத்தில் விரலை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வெளியே விடாத மழை, குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாத குளிர், ஆனால் சுவர் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது.

அந்தக் கதவில் இன்னொரு கோளாறும் இருந்தது. உள்ளே ஒரு தாழ்ப்பாள், வெளியேயும் ஒன்று. குளிக்கிற அறைக்கு வெளியே எதற்குத் தாழ்ப்பாள் என்று குடிவந்த அன்றே அவள் கேட்டாள். புருஷன் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றான். எது நல்லதாகப் போயிற்று என்பது சீக்கிரமே அவர்கள் மகள் பட்டாணிக்குத் தெரிந்துவிட்டது.

பட்டாணி இரண்டாம் வகுப்பு. உருண்டை முகத்துக்காக அம்மா வைத்த பெயர். அப்பன் பேருந்துப் பணிமனையில் ஃபோர்மேன், மேலதிகாரி முன்னால் பெட்டிப்பாம்பு. அங்கே விழுங்கியதையெல்லாம் வீட்டில் வந்து கக்குவான். எதற்கெடுத்தாலும் அவன் வாயில் ஒரே பேச்சுதான்: தோலை உரிச்சிடுவேன். டீ ஆறியிருந்தால், செருப்பு இடம் மாறியிருந்தால், பிள்ளை சிரித்தால்கூட. எல்லா வீட்டிலும் புழங்குகிற வார்த்தைதான், சொன்ன கையோடு மறந்துவிடுவார்கள். இவன் கை மறப்பதில்லை. பட்டாணியின் தொடையில் பெல்ட் தடம் ஆறுவதற்குள் அடுத்தது விழும்.

அன்று சாயங்காலம் குளிக்கப் போனவன் அதே வேகத்தில் வெளியே வந்தான். பட்டாணியின் உயரத்துக்குச் சுவரில் ஒரு பட்டை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"யாருடி சுவத்த உரிச்சது?"

"நான் இல்லப்பா. அதுவா உரியுது."

"அதுவா உரியுமா? உன் தோலை உரிச்சு அங்க ஒட்டுறேன், இரு."

பிள்ளையை உள்ளே தள்ளி வெளித்தாழ்ப்பாளைப் போட்டான். தடுக்கப் போன தையல்காரியின் கொண்டையைப் பிடித்து நிலைக்கட்டையில் ஒரு மோது மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவன் ஒன்றும் நடக்காததுபோல டிவி முன்னால் போய் உட்கார்ந்தான்.

அவள் கதவடியிலேயே கிடந்தாள். உள்ளே முதலில் அழுகை. பிறகு விசும்பல். பிறகு சொட்டுகிற குழாயும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் மட்டும். அதற்கும் பிறகு, புதுத் துணியைக் கையால் கிழிக்கிற சத்தம், மெதுவாக, நூல் நூலாக. நாள் முழுக்கத் துணியோடு கிடப்பவளுக்கு அந்தச் சத்தம் தப்புமா? நடுநடுவே பட்டாணி யாருக்கோ பதில் சொல்வதுபோல முணுமுணுத்தாள்.

அவன் சிகரெட் வாங்க இறங்கியதும் ஓடிப்போய்த் திறந்தாள். கவிழ்த்த வாளிமேல் பிள்ளை கண்ணீர் காய்ந்து உட்கார்ந்திருந்தது.

"யார்கூட கண்ணு பேசின?"

"சுவரோடம்மா. தோல் ஒட்டுறேன்னு அப்பா சொன்னாருல்ல? யாரோடதுன்னு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

மறுநாள் விடுமுறை. பெயிண்ட் டப்பா, உப்புத்தாள், சுரண்டுகிற தகடு எல்லாம் வாங்கிவந்தான் புருஷன். குளியலறைக் கதவுப் பிடியில் பெல்ட்டைத் தொங்கவிட்டான். "இத முடிச்சிட்டு உன்னை முடிக்கிறேன். இன்னிக்கு உன் அம்மா காலப் பிடிச்சாலும் விடமாட்டேன்" என்று பட்டாணியைப் பார்த்துச் சொன்னான். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் கத்தாமல் சொன்னதை ஒருநாளும் செய்யாமல் விட்டதில்லை.

சுரண்ட ஆரம்பித்தான். சரக், சரக். பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசிய வெள்ளை தெரியவேண்டும். தெரிந்தது சிவப்பு. ஈரமாக, மினுமினுப்பாக. தகடு படுகிற இடமெல்லாம் சுவர் லேசாக உள்வாங்கியது.

"சனியன், காயவே மாட்டேங்குது" என்று அவன் இன்னும் அழுத்தினான்.

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. தொண்டையில் சளி கட்டியவர் பேசுவதுபோல, தணிந்த குரலில்.

யாரோடது?

"என்னடி முணுமுணுக்குற?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

தகடு நின்றது. "பட்டாணி! இங்க வாடி. நீ கெடுத்ததை நீயே வந்து பாரு."

பட்டாணி எழுந்தாள். சொன்ன பேச்சைக் கேட்டே பழகிய பிள்ளை. கதவை நோக்கி ஓரடி வைத்தாள்.

தையல்காரி அவளுக்கு முன்னால் போனாள். கதவைச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஏய்! தொறடி! உன் தோலை..."

யாரோடது?

கதவிடுக்கில் கிழிந்த உதட்டை வைத்தாள்.

"அவரோடது."

அப்போதும் மரியாதை விடவில்லை.

கதவு அதிர்ந்தது. ஓர் உதை. இன்னொன்று. தகடு தரையில் விழுந்த சத்தம். ஆனால் சுரண்டல் நிற்கவில்லை. சரக். சரக். அவன் அலறினான். அவள் பெயரைச் சொல்லி. அம்மா என்று. பிறகு வார்த்தையே இல்லாமல்.

அப்புறம் துணி கிழிந்தது. ஒரே இழுப்பில். நீளமாக.

அமைதி.

குழாய் மட்டும் சொட்டியது.

பட்டாணியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினாள். தரையில் கிடந்ததை ஒரு முறைதான் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. மூட இமை இல்லை.

சுவரில் ஒரு விரிசல் இல்லை. மூலைக்கு மூலை இழுத்துப் போர்த்தியதுபோல மாநிறம். மெல்லிய முடிகள். நடுவில் வட்டமாக அம்மை ஊசித் தழும்பு. கதவுவழி காற்று புகுந்ததும் சுவர் முழுக்கப் புல்லரித்தது.

அளந்தே பழகிய கண் ஓரத்துக்குப் போனது. குழாய்க்குக் கீழே, பிள்ளை உயரத்தில்.

பற்றவில்லை. ஓர் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு தெரிந்தது.

அது மூச்சு விட்டது.

யாரோடது?

பதில் சொல்லப் பட்டாணி வாயைத் திறந்தாள். தையல்காரி தன் உள்ளங்கையால் அந்த வாயை இறுகப் பொத்தினாள்.