கித்தேரியின் இருபத்தெட்டாம் நாள்

இருபத்தேழு நாளாகக் கித்தேரி ஒரு பருக்கை சோறு தின்னவில்லை. பசியும் எடுக்கவில்லை. அவளுடைய பால் வெண்ணெய் போலக் கெட்டியாக இறங்கியது. மூன்று கிலோவாகப் பிறந்த பிள்ளை இப்போது பத்துக் கிலோ. கடலோர மணப்பாட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவளோ, நாளை விடியப்போகிறதே என்று பயந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் ஆழ்மூச்சு ஊசி செய்த வேலை. ஆழ்கடலில் மூழ்கும் கடல்யானை என்ற பெரிய சீல் விலங்கின் மரபணுவிலிருந்து எடுத்தது. போட்டுக்கொண்டால் இரண்டு மணி நேரம் மூச்சடக்கி, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டி பொறுக்கலாம். முதலில் வந்த ஊசியில் மூச்சைச் சேர்த்துவைக்கும் இரத்தக் குணம் மட்டுமே இருந்தது, தலைவலி தாங்கவில்லை. அரைகுறையாகத் தராதே, முழுசாகத் தா என்று முத்துக்குளித்த வம்சத்துக் குளியாளிகள் கொடி பிடித்தார்கள். கேட்டது கிடைத்தது. அதன்பின் கடல்யானையைப் போலவே ஆண்டுக்கு ஒரு மாதம் தோல் பட்டை பட்டையாக உரிய, கடலில் இறங்க முடியாமல் மணலில் கிடந்தார்கள். அதையும் ஊர் கேலி பேசிச் சிரித்தது. தன் தலையில் விழும்வரை ஊருக்கு எல்லாம் வேடிக்கைதான்.

ஊசி போட்டவர்களில் முதலில் பிள்ளை பெற்றவள் கித்தேரி. பிரசவம் பார்த்த டாக்டர் மங்களேஸ்வரி மறைக்காமல் சொல்லிவிட்டார். தாய்க் கடல்யானை நாலு வாரம் கரையில் பட்டினி கிடந்து பால் கொடுக்கும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். குட்டி தனியே கிடந்து தானே நீந்தப் பழக வேண்டியதுதான். இந்தக் குணத்தை முறிக்க மாற்றூசி உண்டு. ஆனால் பால் நின்ற பிறகே போடலாம். முந்தினால் பால் விஷமாகிவிடும்.

அவள் கணவன் சவேரியும் ஊசி போட்ட குளியாளிதான். வாங்கி வந்த ஒற்றை மாற்றூசியோடு வாசலை அடைத்துப் படுத்திருந்தான். பிள்ளை பார்க்க வந்த மச்சானைக்கூட நெஞ்சால் முட்டி விரட்டினான். சாப்பிடவும் எழவில்லை. பொண்டாட்டி மேல் என்ன பாசம் என்று தெரு மெச்சியது.

"நாளைக்கு நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்க. குத்திருங்க" என்று அழுதாள் கித்தேரி.

விடிந்தது. பால் நின்றிருந்தது. அவள் பிள்ளையைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"புள்ள அழுவுது, கித்தேரி" என்றான் சவேரி, வாசலை விடாமல்.

"கேக்குது. யார் வீட்டுப் புள்ளையோ அழுவுற மாதிரி இருக்கு. வழிய விடுங்க."

அவன் குத்தினான். அரை மணி நேரம் தரையில் கிடந்து துடித்தாள். பிறகு ஓடிப்போய்ப் பிள்ளையை வாரியெடுத்து, முகர்ந்து முகர்ந்து அழுதாள்.

"ஒரு தடவ இவன வாங்குங்க. பெறந்ததுலேர்ந்து நீங்க தூக்கவே இல்லியே."

சவேரி பார்த்தான். கொழுகொழுவென்று ஏதோ ஒன்று. எதற்கு இதைத் தன்னிடம் நீட்டுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அந்தப் பார்வையைக் கண்டதும் கித்தேரி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போனில் டாக்டரைப் பிடித்து, ஆண் கடல்யானை எப்படி என்று கேட்டாள். அது பெண்ணை மட்டும் கரையில் அடைத்துக் காவல் காக்கும், தீனி தேடக்கூட நகராது, குட்டி குறுக்கே கிடந்தால் மிதித்துக்கொண்டு போகும் என்றார் டாக்டர். சவேரிக்கும் ஒரு மாற்றூசி வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே என்றும் வருத்தப்பட்டார்.

சவேரி மறுபடியும் வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டான். அவனைத் தாண்டாமல் பிள்ளையோடு வெளியே போக அந்த வீட்டில் வேறு வழியில்லை.