பதினான்காம் பகுதியின் தரம்

2057 அக்டோபர் 3, புதன்கிழமை காலை ஆறரை மணிக்குத் தூத்துக்குடி வடக்குக் கடற்சுவரின் பதினான்காம் பகுதியில் கடல், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த தெருவைவிட எழுபது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது.

ஜெசிந்தா ரொட்ரிகோ சுத்தியலை எடுத்தார். பித்தளைத் தலை, நானூறு கிராம் எடை, கைப்பிடிக்குள் ஓர் ஒலியுணரி. சுவரில் சாக்பீஸால் குறித்த பதினாறு இடங்களிலும் மும்மூன்று முறை தட்ட வேண்டும். நல்ல கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கம்பி துருவேறிப் பிளந்திருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும். அதற்கு வெற்றொலி என்று பெயர். கடற்சுவர் வாரியத்தின் உரிமம் பெற்ற சோதகராக ஒன்பது ஆண்டுகளாக அவர் செய்துவரும் வேலை இது.

சுவரை ஒட்டிக் கம்பிப் பந்தலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்த அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, மூணுதான?"

"இன்னும் முடிக்கல."

"மூணே போட்டுருங்க. நாலுன்னா எங்கள அள்ளிக்கிட்டுப் போயி புயல் மண்டபத்துல போட்டுருவானுவ. மீன அங்க என்ன, ஃபேனுக்கு அடியிலயா காய வைக்க?"

அவள் சொன்னது விதி. ஐப்பசி மழைக்கு முன்பு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தரம் வழங்கப்படும். மூன்று என்றால் கண்காணிப்பு. மக்கள் வீட்டிலேயே இருக்கலாம். நான்கு என்றால் பழுது பார்த்து முடியும்வரை சுவருக்குப் பின்னால் யாரும் குடியிருக்கக் கூடாது. பதினான்காம் பகுதிக்குப் பின்னால் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. கையெழுத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15.

கடைசி இடத்தைத் தட்டிவிட்டு ஜெசிந்தா தோள்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தபோது, அதுவே எழுதிய அறிக்கையின் முன்வரைவு தயாராக இருந்தது. அது எப்போதும் தயாராகவே இருக்கும். நான்கு பத்தி, அவருடைய நடை, அவர் வழக்கமாக வைக்கும் இடங்களில் காற்புள்ளி. அடியில் தரம்: மூன்று. படித்துக் கையெழுத்திட ஆறு நிமிடம் போதும். அன்று அவர் கையெழுத்திடவில்லை. திரையின் மூலையில் சிவப்பில் ஒரு வரி ஓடியது: இந்தக் கருவியின் ஆயுள் அக்டோபர் 18 அன்று முடிகிறது. முதலில் புதியதை வாங்கிவிடலாம், கையெழுத்து அதிலேயே ஆகட்டும் என்று நினைத்தார். காதுக்குள் ஏதோ ஒன்று நெருடியதும் உண்மை.

கணினிகளுக்குச் சட்டப்படி ஒன்பது ஆண்டு ஆயுள். உள்ளிருக்கும் அரிய உலோகங்களைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கணினியை இயக்கும் தளத்தை விட்டு வேறொன்றுக்கு மாற விரும்புகிறவர் அந்த ஒரு சமயத்தில்தான் மாற முடியும். நடைமுறையில் யாரும் மாறுவதில்லை. ஊரில் பத்துக்கு ஒன்பது வீடு தோழமைத் தளம். கல்யாண விளம்பரங்களில் படிப்புக்கும் உயரத்துக்கும் அடுத்த வரி அதுதான்: தோழமைக் குடும்பத்தார் மட்டும் தொடர்பு கொள்ளவும். எஞ்சியவர்கள் திறவித் தளத்தில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் இரக்கத்துடன் பேசுவது வழக்கம்.

வ.உ.சி. சாலைக் கடையில் இரண்டு தளத்துக் கருவிகளும் விற்றார்கள். கடைக்காரர் ஜெபசிங்குக்கு அறுபது வயது இருக்கும்.

"தோழமைதான மேடம்? அஞ்சு நிமிசத்துல மாத்திருவேன். ஒரு காப்பி குடிக்கியளா?"

"இன்னொண்ணு எப்படி?"

ஜெபசிங் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "இந்தக் கேள்வி கேட்டு மூணு வருசம் ஆச்சு மேடம். போன தடவ கேட்ட ஆளு வழி தப்பி வந்தவரு, பக்கத்துக் கடைக்கு."

"காட்டுங்க. ஒரு வேலை கொடுத்துப் பாப்போம்."

சுத்தியலின் கைப்பிடியில் காலையின் தட்டொலிகள் அப்படியே இருந்தன. அதைத் திறவியில் இணைத்தார்கள். ஒரு நிமிடம் வெறும் திரை. பிறகு புத்தகத் தமிழில் ஒரு குரல்:

"பதினாறு இடங்களில் ஏழு இடங்களின் ஒலி மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. இது எதைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்ல முடியுமா?"

"ஆரம்பிச்சிருச்சு," என்றார் ஜெபசிங். "கல்யாண வீட்டுல வந்து பொண்ணு யாருன்னு கேக்கும், இது."

ஜெசிந்தா வெற்றொலி என்றால் என்ன என்று சொன்னார். விதி ஏதும் உண்டா என்று அது கேட்டது. வாரியத்தின் கையேட்டை ஏற்றினார். இன்னும் இரண்டு கேள்விகள். இருபது நிமிடம் கழித்து அது சொன்னது: "கையேட்டின்படி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றொலி இருந்தால் தரம் நான்கு. இங்கே பதினாறில் ஏழு. ஆகவே நான்கு."

அது சிக்கலான கணக்கு இல்லை. அந்த விதியை உரிமத் தேர்வில் ஜெசிந்தாவே எழுதியிருக்கிறார்.

அவர் பழைய கருவியைத் திறந்தார். "நீ ஏன் மூணு போட்ட?"

தோழமை அவர் பேசும் பேச்சிலேயே பதில் சொன்னது. ஒன்பது ஆண்டில் அது அப்படித்தான் பழகியிருந்தது. "நீங்க அப்படித்தான போடுவீங்க அக்கா. நாலு மாதிரி தெரிஞ்சா மொதல்ல மூணு போட்டுப் பாப்போம்பீங்க. 2048லேருந்து 2051 வரைக்கும் முப்பத்தெட்டு தடவ போட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்லாமலே நான் போட்டுட்டு வாரேன்."

ஜெபசிங் தலையைக் குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

மூன்று போட்டுப் பார்ப்பது சோதகர்களிடையே இருந்த பழக்கம். அப்போதிருந்த பொறியாளர் நான்கு என்று வரும் அறிக்கையை மறுபார்வைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் முதலில் மூன்று போட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடி தட்டி, இன்னும் மோசமாக இருந்தால் நான்கு போடுவார்கள். அந்தப் பொறியாளர் 2051இல் ஓய்வு பெற்றார். பழக்கமும் அவரோடு போய்விட்டதாகவே ஜெசிந்தா நினைத்திருந்தார். மாதாமாதம் மறுபடி தட்டிப் பார்ப்பதுதான் நின்றிருந்தது. மூன்று நிற்கவில்லை.

"இதுல போட்டிருக்கிற பழக்கத்த மட்டும் அழிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"எது அந்தப் பழக்கம்னு பிரிக்க முடியாது மேடம். அதெல்லாம் ஒரே மாவு. வேணும்னா முழுசா வச்சுக்கணும், வேணாம்னா முழுசா விடணும்." ஜெபசிங் குரலைத் தாழ்த்தினார். "விட்டா விட்டதுதான். உங்க பழக்கமெல்லாம் இருக்கிற வழக்கப் பதிவு தளத்துக்காரன் சொத்துன்னு தீர்ப்பே இருக்கு. பூட்டிருவான். மொத நூறு நாள் உங்களுக்கு ஊமை பாஷை மாதிரி இருக்கும். வேலைல இருக்கிற ஆளுக்கு நான் இத விக்க மாட்டேன். யோசிச்சுட்டு வாங்க."

வீட்டில் தொபியாஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஜெசிந்தாவின் கணவர். இருபத்தாறு ஆண்டு சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். விஷயத்தைக் கேட்டுக் கத்தியை நிறுத்தவில்லை.

"ஏட்டி, தரத்த நீயே மாத்திப் போட்டா முடிஞ்சிச்சு. அதுக்கு எதுக்குக் கப்பல மாத்துத?"

"பதினாலுக்கு மாத்திப் போடுவேன். என் கையில இருக்கிற மத்த அறுபத்தொரு பகுதிக்கு? அது எழுதுறது நான் எழுதுற மாதிரியே இருக்கு. படிக்கும்போது சரின்னுதான் தோணுது. ஆறு வருசமா தோணிக்கிட்டே இருந்திருக்கு."

"அப்ப தோழமைல இருக்க நம்ம குடும்ப வளையம்? மவ ரெபேக்கா நாகர்கோவில்லேருந்து புள்ள படம் போட்டா நீ எப்படிப் பாப்ப?"

"கடுதாசி மாதிரி தனியா அனுப்பட்டும்."

"இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்திட்டு இப்ப வேத்துத் தளத்துக்காரியோட ஒரே வீட்டுல இருக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு." வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். "எங்க அம்ம இருந்தா உன்னத் தனிப் பாத்திரத்துல சாப்பிடச் சொல்லியிருக்கும்."

"நீங்க மாற வேண்டாம். நான் மட்டும்தான்."

"நான் எங்க மாற? எனக்கு மாத்திரை நேரத்தச் சொல்லுததே அதுதான்." கொஞ்ச நேரம் சட்டியைக் கிண்டினார். "முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட கேக்க, இல்லையா?"

"ஆமா."

"உப்பு போட்டாச்சு. சாப்பிட வா."

அக்டோபர் 9 அன்று அவர் திறவியை வாங்கினார். தளமாற்றப் பதிவு முடிந்ததும் பழைய கருவி, "பாத்துப் போங்க அக்கா," என்றது. பிறகு அணைந்தது. ஒன்பது ஆண்டுகளின் வரைவுகளும் குறிப்புகளும் கடிதங்களும் அதோடு போயின. கையெழுத்திட்டு வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் மட்டும் வாரியத்திடம் இருந்தன.

பன்னிரண்டாம் தேதி காலையில் ஜெசிந்தா மறுபடி பதினான்காம் பகுதிக்குப் போனார். கொஞ்சம் மேகமாக இருந்தது. பதினாறு இடத்தையும் தட்டினார். ஏழு வெற்றொலி, எட்டாவதாக ஓர் இடத்தில் சந்தேகம். அமலோற்பவத்தைக் காணவில்லை. பந்தலில் மீன் இருந்தது, மேலே வலை.

சுவரின் படியிலேயே உட்கார்ந்து கணினியைத் திறந்தார். முன்வரைவு இல்லை. வெறும் படிவம். முதல் வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. சொற்கள் தாமாக வரும் என்று காத்திருப்பதும், வராதபோது எரிச்சலடைவதும், பிறகு ஒவ்வொன்றாகத் தேடி எழுதுவதுமாக இரண்டு மணி நேரம் போனது. கழுத்து வலித்தது. கடைசியில் தரம் என்ற கட்டம் வந்தது. அவர் விரல் மூன்றை அழுத்தியது.

திரையில் இருந்த மூன்றை அவர் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. பரிந்துரைக்கவில்லை. இந்தக் கருவிக்கு அவரைத் தெரிந்தே மூன்று நாள்தான் ஆகிறது.

அதற்கு அடுத்த கட்டம்: காரணம். தோழமையில் அந்தக் கட்டம் எப்போதும் நிரம்பியே வரும். அங்கே என்ன இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. இப்போது அது காலியாக இருந்தது. முதல் பார்வை என்று எழுதினார். இது பதினெட்டாவது பார்வை. அழித்தார். தொடர்ந்து கண்காணிக்கலாம் என்று எழுதினார். அதுவும் காரணம் இல்லை. அழித்தார். மூன்றுக்குக் காரணமாக எழுத எதுவுமில்லை.

மூன்றை நீக்கி நான்கு போட்டார். காரணம்: பதினாறில் ஏழு. கையெழுத்திட்டு அனுப்பினார்.

மறுநாள் சனிக்கிழமை. வாரியத்தின் உதவிப் பொறியாளர் பொன்னுதுரை தொலைபேசியில் வந்தார்.

"மேடம், பதினாலுக்கு நாலு வந்திருக்கு. போன வருசம் வரைக்கும் மூணுதான?"

"போன வருசமும் நாலுதான். நான் மூணுன்னு எழுதிட்டு வந்திருக்கேன்."

"இங்க பாருங்க மேடம். உங்க மூணு எங்களுக்குப் பழக்கம். அதுக்கு ஏத்த மாதிரி நாங்களும் கொஞ்சம் கூடவே கவனிச்சுக்கிடுவோம். உங்க நாலு எங்களுக்குப் பழக்கமில்ல. தளம் மாத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். புதுக் கருவில வந்த கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, திருப்பி வாங்கிக்கிடலாம். யாருக்கும் சங்கடமில்ல."

"கோளாறு புதுசுல இல்ல சார். பழசுலயும் இல்ல, அது என்னப் பாத்துத்தான் படிச்சிது. கோளாறு என்கிட்ட இருந்துச்சு. அத ஒரு வரி எழுதித் தரவா?"

"நாப்பத்தொரு வீடு மேடம்."

"எண்ணித்தான் அனுப்பினேன்."

அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை மூன்று பேருந்துகள் வந்தன. அமலோற்பவம் பாதி காய்ந்த நெத்திலியைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்திருந்தாள். ஜெசிந்தா சாக்கின் மறுமுனையைப் பிடிக்கப் போனார். அவள் விலக்கிக்கொண்டாள்.

"ஒம்போது வருசமா மூணு. எங்க வயித்துல அடிக்கதுக்குன்னு இந்த வருசம் நாலா? சுவரு மாறிட்டா, நீங்க மாறிட்டீங்களா?"

"சுவரு எப்பவோ மாறிடுச்சு. நான் சொல்லல."

"அப்ப இத்தன வருசம் நாங்க அதுக்கு அடியில தூங்கினது?"

"தப்பு என்னோடது," என்றார் ஜெசிந்தா. அமலோற்பவம் பேருந்தில் ஏறி, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, கடல் இருக்கும் பக்கத்துச் சன்னலோரம் உட்கார்ந்தாள்.

அதன் பின் ஜெசிந்தா முதல் பகுதியிலிருந்து தொடங்கி மற்ற அறுபத்தொன்றையும் மறுபடி தட்டினார். நவம்பர் இறுதிக்குள் மேலும் ஐந்து பகுதிகள் நான்கு ஆயின. வாரியம் அவருக்கு இரண்டு குறிப்பாணைகள் அனுப்பியது: ஒன்று கடந்த கால அறிக்கைகளுக்கு விளக்கம் கேட்டு, மற்றொன்று வேலையில் தாமதத்துக்காக. இரண்டுக்கும் பதில் எழுதினார். இரண்டையும் அவரே எழுதினார்.

அந்தப் பருவத்தில் தூத்துக்குடிக்குப் புயல் வரவில்லை. சுவர் விழவில்லை. 2058 ஜனவரி 11 அன்று பழுதுபார்க்க வந்தவர்கள் பதினான்காம் பகுதியைக் கொத்தித் திறந்தார்கள். இருபத்தாறு கம்பிகளில் பத்தொன்பது அறுந்திருந்தன. ஜெசிந்தா எண்ணிக் குறித்துக்கொண்டார். அன்றைய அறிக்கையை எழுத அவருக்கு மூன்று மணி நேரம் ஆனது.