அவர் என்று எழுதப்பட்டவர்

தை மாதத்துப் பனி விழுப்புரத்தைப் போர்த்திக்கொண்டிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை, ரயில் நிலையத்தின் ஊதல் மட்டும் தூக்கத்தில் கேட்பதுபோல் எங்கிருந்தோ கேட்டது. அந்தப் பனிக்குள்ளிருந்து பிரிந்து வந்தவர்போல் ஒருவர் வக்கீல் தேவநாதன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காருவதற்குள் ஜன்னல், கொல்லைக் கதவு, மாடிப்படி மூன்றையும் அவர் கண் அளந்துவிட்டதை வக்கீலின் மனைவி கிருஷ்ணவேணி கவனித்தாள்.

"என் பேரு கோதண்டபாணி. திண்டிவனம். டெல்லிக்காரங்களுக்கு உளவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். என் வீட்டிலேயே திருட்டு போயிடுச்சு சார். வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"நாங்க சிரிக்க மாட்டோம். சொல்லுங்க," என்றார் தேவநாதன். எந்தச் சிக்கலையும் நிதானமாகப் பிரிப்பவர் என்று கோர்ட்டில் அவருக்குப் பெயர். அவசரமெல்லாம் கிருஷ்ணவேணிக்குத்தான். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். காபியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

கோதண்டபாணி தம் உத்தியோக அனுபவங்களைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். காணாமல் போனது பாண்டிச்சேரி அத்தியாயம். பத்து வருஷத்துக்கு முன், அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, அவர் எல்லையோரம் குயிலாப்பாளையத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரியாக வேஷம் கட்டியிருந்தார்.

"மூட்டை பாண்டிச்சேரிக்குப் போவும். காலிச் சாக்கு திரும்பி வரும்போது தையலுக்குள்ள சீட்டு ஒண்ணு இருக்கும். இந்தியாவோட இணைப்பு வேணும்னு சொன்ன ஜனங்க குப்பத்தை அடியாளுங்க எப்பக் கொளுத்தப் போறாங்கன்னு எழுதியிருக்கும். அந்தச் சீட்டால எத்தனையோ குடும்பம் பொழைச்சுது. எழுதினவரை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சீட்டுங்களைப் படம் பிடிச்சு புத்தகத்துல போடலாம்னு இருந்தேன். கையெழுத்து தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லுவாங்க. ஒரு தடவை அவர் கால்ல விழுந்துட்டா போதும் எனக்கு."

வியாழக்கிழமை மாலை அந்த அத்தியாயத்தை அவர் மூன்று பேருக்குப் படித்துக் காட்டினார். மறுநாள் மேசை இழுப்பறையில் அந்த அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியும் இல்லை, சீட்டுகளும் இல்லை. பக்கத்திலேயே கிடந்த தங்கக் கடிகாரம் அப்படியே இருந்தது.

அடுத்த ரயிலில் மூவரும் கிளம்பினார்கள். ஜன்னலுக்கு வெளியே பனைமரங்கள் அடியில்லாமல் தலை மட்டுமாக மிதந்து போயின. கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சீட்டில் இருந்த வரிகளை உதடுகள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த மனிதர் பத்து வருஷமாகக் கனவில் முகமில்லாத ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று கிருஷ்ணவேணிக்குத் தோன்றியது.

திண்டிவனத்து வீட்டில், படித்ததைக் கேட்ட மூன்று பேரிடமும் தேவநாதன் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "அந்தச் சீட்டு எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க?"

டைப்பிஸ்ட் சின்னதுரை தலையைச் சொறிந்தார். "அவரு இந்நேரம் செத்திருப்பாருங்க. உசிரோட இருந்தா வந்திருக்க மாட்டாரா? திங்கக்கிழமை டைப் அடிக்க எங்கிட்டதான் அந்தப் பக்கமெல்லாம் வர வேண்டியது. இப்ப எனக்கும் பேஜாரு."

கூட வேலை பார்த்த கிருஷ்ணசாமி சிடுசிடுத்தார். "எவனோ ஒரு போலீஸ்காரன் வீட்டு சமையல்காரன். அவனுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்தில் இந்தக் கிருஷ்ணசாமி தப்பான ஆளைப் பிடித்து அவமானப்பட்ட கதை வருகிறது என்று அறிந்ததும், கிருஷ்ணவேணி கணவரை அர்த்தத்தோடு பார்த்தாள்.

மூன்றாவது, கோதண்டபாணிக்கு நாள்தோறும் சர்க்கரை வியாதி ஊசி போட வரும் நர்ஸ் கோவிந்தம்மாள். ஊசிக் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மயிரிழை போன்ற கோட்டுக்குச் சரியாக மருந்தை இழுத்து நிறுத்தினாள்.

"எனக்கென்னாங்க தெரியும்? பாவம், எந்த மூலையில இருக்காளோ. அவபாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும், விட்டுடுங்க."

அவள் போனதும் கோதண்டபாணியின் மனைவி தையல்நாயகி பெருமூச்சு விட்டாள். "தங்கமான பொண்ணு. ஒரே ஒரு குறைதான். மருந்துப் பேரை எழுதிக் கொடுன்னா மூணு வருஷமா எழுத மாட்டேங்கறா. 'எனக்குக் கண்ணு தெரியலம்மா, நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க'ம்பா."

தேவநாதன் எழுந்துகொண்டார். "கொஞ்சம் ஏரிக்கரைப் பக்கம் நடந்துட்டு வர்றோம்."

ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. கிருஷ்ணவேணி பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "கிருஷ்ணசாமிதானேங்க?"

"அவரா இருந்தா தன்னைப் பத்தின அத்தியாயத்தை இல்லே எடுத்திருப்பாரு? அது அங்கேயே கிடக்குது."

"சின்னதுரை?"

"அந்தப் பக்கங்க தானா அவர் கைக்கு வரப் போறது. திருடுவானேன்? சீட்டுங்களையும் சேர்த்து எடுத்திருக்காங்க, வேணி. கதைக்குப் பயப்படல. கையெழுத்துக்குப் பயந்திருக்காங்க."

கிருஷ்ணவேணி சட்டென்று நின்றாள். ஊசிக் குழலின் மெல்லிய கோடு அவள் கண்முன் வந்தது. "அந்தக் கோடு தெரியற கண்ணுக்கு எழுத்து தெரியாதா! அவங்க எழுதாம இருந்தது..."

"இன்னொண்ணும் இருக்குது. கோதண்டபாணி எழுதினது, படிச்சது, எல்லாமே 'அவர்'னுதான். மரியாதைக்கு எழுதின வார்த்தை. அது ஆணாவும் இருக்கலாம், பெண்ணாவும் இருக்கலாம். கேட்டவங்கள்ல மத்த ரெண்டு பேரும் ஆம்பளைன்னே நினைச்சாங்க. புத்தகம் எழுதற கோதண்டபாணியே அப்படித்தான் நினைச்சுக்கினு இருக்காரு. கோவிந்தம்மாள் மட்டும் 'எந்த மூலையில இருக்காளோ'ன்னாங்க."

இருவரும் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேப்பமரத்தடியில் கோவிந்தம்மாள் எதையும் மறுக்கவில்லை. வெகுநாளாகத் தூக்கிவந்த சுமையை இறக்குகிறவள்போல் மெதுவாகப் பேசினாள்.

"அந்த அடியாளுங்க கூட்டத்துல என் வீட்டுக்காரரும் ஒருத்தருங்கம்மா. ராத்திரி எங்க வீட்லதான் பேசிக்கினு இருப்பாங்க. குப்பத்துல கொழந்த குட்டிங்க இருக்குதேன்னு மனசு கேக்கல. சாக்கு தைக்கற வேலைக்குப் போய்க்கினு இருந்தேன், அதுல சொருகி அனுப்பினேன். கடைசிச் சீட்டுல அவரே மாட்டிக்கினாரு. செவுரு ஏறிக் குதிச்சதுல கால் போச்சு, ஜெயிலுக்கும் போனாரு. அப்புறந்தான் நான் நர்ஸ் வேலை கத்துக்கினேன். இப்ப ரொம்ப மாறிட்டாரு, சாது. ஆனா காட்டிக் கொடுத்தவன் எவன்னு இன்னும் தூக்கத்துல கூட கேக்கறாரு."

"உங்க கையெழுத்து அவருக்குத் தெரியுமா?"

"எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே அவருதாங்கய்யா. என் எழுத்து அவரு எழுத்து மாதிரியேதான் இருக்கும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன். மல்லாட்டைக்காரரை அப்பவே தூரத்துல பார்த்திருக்கேன், இவருதான்னு முதல் நாளே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல."

காலையிலிருந்து திருடனைப் பிடிக்கத் துடித்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி, இப்போது அந்தச் சாம்பல்கூட யார் கண்ணிலும் படக்கூடாதே என்று கவலைப்பட்டாள்.

"நாங்க சொல்ல மாட்டோம். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்," என்றார் தேவநாதன்.

கோவிந்தம்மாள் அவர்களோடே நடந்து வந்தாள். கோதண்டபாணி தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு தடவை இடையஞ்சாவடி ஆலமரத்தாண்ட வந்து பாருன்னு சாக்குல எழுதி அனுப்பினீங்க. வர முடியலீங்க. அன்னைக்குப் புள்ளைக்கு ஜுரம்."

கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தில் அவர் எழுதாத விஷயம் அது, யாருக்கும் தெரியாது. அவர் கண்கள் அவள் முகத்திலிருந்து கைக்கு இறங்கி, தம் கைக்கு வந்தன. எழுந்தார். அவர் குனியப் போவது தெரிந்து கோவிந்தம்மாள் பதறிப் பின்வாங்கினாள்.

"ஐயையோ, வேணாங்க! யாருக்கும் தெரியக் கூடாது. அது ஒண்ணு போதும்."

"தெரியாதும்மா," என்றார் அவர். "நாற்காலியில உக்காரு. மூணு வருஷமா நின்னுக்கினே இருந்துட்டே."

புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது. பிரதி வாங்கிக்கொள்ளத் திண்டிவனத்து வீட்டுக்குப் போன தேவநாதனும் கிருஷ்ணவேணியும் அங்கே இருந்தபோதே கோதண்டபாணி ஒரு பத்திரிகையை எடுத்து மதிப்புரையை உரக்கப் படித்தார். 'பாண்டிச்சேரியில் கழிந்த முக்கியமான காலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆசிரியருக்கு வயதாகிவிட்டது, ஞாபகமறதி போலும்.'

கோவிந்தம்மாள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.